கேட்காமல் கொடுத்த காசு

வக்கீல் உச்சிமாகாளி டீ டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்ன சொன்னீரு? இன்னொரு மட்டம் சொல்லும்."

டில்லிபாபு இன்னொரு முறை சொன்னான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். பாரிமுனையில் அந்த மாடியறைக்கு ஏறி வந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் தலைகுனிய வைக்கிற சமாச்சாரம். இத்தனை கார்டு, இத்தனை பாக்கி, இத்தனை மாதமாகக் கட்டவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல அவனிடம் இருந்தது இந்த ஒன்றுதான்.

"சாபிராவோட காசை மட்டும் செட்டில் பண்ட்டேன் சார். ரெண்டு லட்சம். ஒத்த ரூபா பாக்கி இல்ல. ஐ.பி. குடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு காசைக் குடுத்துடணும்னு ஒரே முடிவா இருந்தேன்."

"எப்பக் கொடுத்தீரு?"

"போன வாரம்."

"கட்ட வழியில்லன்னு திவால் மனு போட வந்திருக்கீரு. உமக்கு ஏது காசு?"

"ரெண்டு கார்டுல மட்டும் இன்னும் லிமிட் இருந்துச்சு. செல்போன் கடை ஒண்ணுல தேச்சேன். அவன் கமிசன் எட்துக்கினு மிச்சத்தைக் கைல குடுத்தான். கொறஞ்சதுக்கு மோட்டார் ஒண்ணை வித்தேன்."

உச்சிமாகாளி டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்த டீயை அவர் தொடவேயில்லை. முப்பது வருஷமாக ஐகோர்ட்டில் மஞ்சள் நோட்டீஸ் கேஸ் பார்க்கிறவர். சொத்தை மாமியார் பேரில் எழுதி வைத்தவன், கடையையே ராத்திரியோடு காலி செய்தவன் என்று எத்தனையோ தில்லுமுல்லுக்காரர்களைப் பார்த்தவர். அவர் முகம் இப்படி வெளிறுவதற்கு நான் என்ன பண்ணினேன் என்று டில்லிபாபுவுக்குப் புரியவில்லை.

டில்லிபாபுவுக்கு வீடு வியாசர்பாடி, பட்டறை தண்டையார்பேட்டை. லேத் பட்டறை. எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளின் மெஷின்களுக்கு வேண்டிய பின், புஷ் என்று இரும்புச் சாமான்களைக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். கை சுத்தம், வேலையும் சுத்தம். நல்ல ஓட்டமாக இருந்த அந்த வருஷங்களில்தான் கார்டு விற்கிற பையன்கள் டை கட்டிக்கொண்டு சந்துக்குள்ளேயே வந்தார்கள். லோன் கேட்டுப் போனால் மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்து அனுப்புகிற பாங்கு, கார்டு என்றதும் பட்டறையைத் தேடி வந்து, எண்ணெய்க் கையோடே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. அந்த மரியாதையில் மனுஷன் சொக்கிப்போனான் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு இரும்புக்குக் கார்டு, ஆட்களுக்குச் சம்பளம் போடக் கார்டு, ஒரு கார்டின் பாக்கியை அடைக்க இன்னொரு கார்டு. ஓட்டை டிரம்மிலிருந்து ஓட்டை டிரம்முக்குத் தண்ணீர் மாற்றுகிற வேலை அது. தொழில் ஓடுகிறவரை தெரியவில்லை. அமெரிக்காவில் என்னவோ கவிழ்ந்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். அடுத்த மாதமே எண்ணூரிலிருந்து ஆர்டர் நின்றது. அங்கே கவிழ்ந்ததற்கும் தண்டையார்பேட்டையில் பின் கடைகிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. வசூல்காரர்கள் மட்டும் சரியாக வந்து சேர்ந்தார்கள்.

சாபிரா, அவன் தோஸ்து நசீரின் மனைவி. நசீர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது செத்துப்போனான். கம்பெனிக்காரர்கள் கொடுத்த நஷ்டஈட்டை வைத்துக்கொண்டிருந்தவள், இரண்டாவது லேத் வாங்க டில்லிபாபு நாயாய் அலைவதைக் கேள்விப்பட்டு, ஒரு நாள் துணிப்பையில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். "வட்டி எனக்கு ஆவாது, எங்க மார்க்கத்துல கூடாது. உங்களால எப்ப முடியுதோ அப்ப குடுங்கண்ணா" என்று வைத்துவிட்டுப் போனாள். போனவள் போனவள்தான். நோன்புப் பெருநாளுக்குக் கேட்கவில்லை. மகள் கௌசரின் பள்ளிக்கூட ஃபீஸுக்கு அல்லாடியபோதும் கேட்கவில்லை. ஒரு கடை வாசலில் இடியாப்பம் விற்று ஒப்பேற்றினாளே தவிர, டில்லி அண்ணா என் காசு எங்கே என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. வாசலில் வந்து கத்துகிறவனைக்கூடச் சமாளித்துவிடலாம். கேட்காமல் இருக்கிறவர்களின் கடன் இருக்கிறதே, அது சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

அதனால்தான் இனி திவால் தவிர வழியில்லை என்று ஆனதும் டில்லிபாபு முதலில் அவள் காசைக் கொடுத்தான். அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சரி என்பார்கள். பாங்குக்கு முகம் கிடையாது, சாபிராவுக்கு இருக்கிறது. நாளைக்குத் தெருவில் எதிரே வருகிறவளுக்கு முதலில் கொடு, மற்றதைக் கோர்ட்டில் பார்த்துக்கொள். இதற்குப் போய் ஒரு வக்கீலைக் கேட்பார்களா?

"கேட்டிருக்கணும்" என்றார் உச்சிமாகாளி. "இங்க பாரும். திவால் மனு போட்டா, மனு போட்ட நாள்லேருந்து மூணு மாசம் பின்னால கோர்ட் திரும்பிப் பாக்கும். அதுக்குக் கடன் கொடுத்தவன் எல்லாரும் ஒண்ணு. ஒருத்தருக்கு மட்டும் இஷ்டப்பட்டுக் கொடுத்திருந்தா அதைத் திரும்ப வாங்கிப் பொதுவுல போட்டு, எல்லாருக்கும் பங்கு வைக்கும்."

"யார் கைல திரும்ப வாங்கும்?"

"அந்தம்மா கையிலதான்."

கீழே பாரிமுனை பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது டில்லிபாபுவுக்கு எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது.

"அது அவங்க காசு சார். என் லேத்துக்குக் குடுத்தது. நான் இன்னா, தானமா குடுத்தேன்?"

"சரி, இதுக்குப் பதில் சொல்லும். அந்தம்மா உம்மை நெருக்குனாளா? பட்டறை வாசல்ல வந்து சத்தம் போட்டாளா? கேஸ் போடுவேன், போலீசுக்குப் போவேன்னு ஏதும் மிரட்டுனாளா?"

"சீ, சீ. அது அப்படிப்பட்ட பொண்ணு இல்ல சார். வாயத் தொறந்து கேட்டதேயில்ல."

"அங்கதான் வினையே இருக்கு. நெருக்கடி தாங்காம கொடுத்தா அது சலுகை இல்ல. அநேகமா கோர்ட் அதைத் தொடாது. கேக்காமலே மனசாரக் கொடுத்தீருல்லா, அதுதான் சலுகை. அது செல்லாது."

"அப்ப மருவாதியா இருந்தவங்களுக்கு நாமம். வூட்டு வாசல்ல நின்னு அசிங்கமா கத்துறவனுக்குக் காசு. இன்னா சார் நாயம் இது?"

"சட்டத்தை நான் எழுதலய்யா."

எழுதியவன் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்கலாம்; அவன் செத்து எத்தனையோ காலமாகிறது. உச்சிமாகாளி மேஜையைத் தட்டி, கார்டுகளையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார். டில்லிபாபு பர்ஸைப் பிரித்து ஒவ்வொன்றாக வைத்தான். நீலம், சிவப்பு, தங்க நிறத்தில் ஒன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தன.

"இனிமே இதுல ஒண்ணையும் தொடக் கூடாது. ஒருத்தனுக்கு மினிமம் கட்டி இன்னொருத்தனுக்குக் கட்டாம விடுறது கூடாது. லேத்தை மச்சான் பேருக்கு மாத்துறது, சம்சாரம் நகையைக் கொழுந்தியா வீட்டுல கொண்டு வைக்கிறது, எதுவும் கூடாது. திவாலாகப் போறோம்னு தெரிஞ்சே கார்டைத் தேச்சிருக்கீரே, அதுக்கு வேற தனியாப் பதில் சொல்லணும். அதைப் பொறவு பாப்போம். இப்ப ஒரே வழிதான். மனுவே போடாதேயும். மூணு மாசம் தாண்டட்டும். அதுவரைக்கும் எவன் வந்து கத்துனாலும் கேட்டுக்கிடும். அந்தம்மாட்டயும் சொல்லி வையும், காசு வந்த கதையை யார்ட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு."

"சொல்றேன் சார்" என்றான் டில்லிபாபு.

சொல்கிறேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம். அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு இடமில்லை.

வசூல்காரர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். பட்டறை போனை எடுத்தால் கெட்ட வார்த்தை. எடுக்காவிட்டால் நேரிலேயே வந்து கெட்ட வார்த்தை. அவன் மனைவி யசோதரா பால்வாடியில் ஆயாவாக இருந்தாள், அங்கேயும் ஒருவன் போய், குழந்தைகள் எதிரிலேயே, "உன் புருசன் திருடன்னு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான். அவள் அழவில்லை. குழந்தைகளுக்குச் சுண்டலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் உட்கார்ந்தாள்.

"அந்த மஞ்ச நோட்டீசைக் குடுத்துத் தொலையேன்யா. குடுத்தா இவனுங்க வர மாட்டானுங்கன்னு நீதானே சொன்ன."

"இப்ப குடுத்தா சாபிரா காசைப் புடுங்கிப்பாங்க."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

டில்லிபாபு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"சொல்லிடுய்யா. நான் வேணா போயி சொல்றேன்."

"வாணாம். நானே சொல்றேன்."

போகத்தான் போனான். சாபிரா இப்போது வண்ணாரப்பேட்டையில் வேறு வீட்டில் இருந்தாள். வந்த காசு மொத்தத்தையும் கொடுத்துப் போக்கியத்துக்கு எடுத்த வீடு. இரண்டு அறை, தனிக் கக்கூஸ், வீட்டுக்குள்ளேயே குழாய். இருபது குடித்தனத்துக்கு ஒரு அடிபம்பு என்று இத்தனை காலம் வாழ்ந்தவள் அந்தக் குழாயைத் திறந்து காட்டினாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"கௌசருக்குன்னு தனி ரூமு பாருங்கண்ணா. பன்னெண்டாவது படிக்கிற பொண்ணு, வெளிச்சம் இல்லாம கண்ணைக் கெட்துக்கினு இருந்துச்சு. உங்க புண்ணியம்."

"என் புண்ணியம் இன்னா இதுல. உன் காசு" என்றான் டில்லிபாபு. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இந்தக் காசை வாங்கியதை வெளியே சொல்லாதே என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதைச் சொன்னால், கார்டைத் தேய்த்தது, திவால், கோர்ட் எல்லாம் சொல்ல வேண்டும். நேர்மையாகச் சம்பாதித்த காசு என்று நினைத்துக்கொண்டு குழாயைத் திறந்து திறந்து மூடுகிறவளிடம் எந்த வாயால் சொல்வது? டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். கோழை என்று அவனைச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை.

சாபிரா என்ன செய்தாள் தெரியுமா? அவனைக் காப்பாற்றினாள்.

காலையில் இடியாப்பம் வாங்க வருகிறவர்கள் டில்லிபாபுவைப் பற்றிக் கண்டபடி பேசினார்கள். வசூல்காரர்கள் வந்து போவது தெருவுக்கே தெரியும். பட்டறைக்காரன் எல்லார் தலையிலும் துண்டைப் போட்டுவிட்டு ஓடப்போகிறான் என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் ஆமாம் போடுவார். சாபிராவுக்குப் பொறுக்கவில்லை. வாழை இலையில் இடியாப்பத்தை வைத்தபடியே, "யாரை வேணா சொல்லுங்க, டில்லி அண்ணனைச் சொல்லாதீங்க. இந்தக் கஷ்டத்துலயும் வூடு தேடி வந்து என் காசை முழுசா குடுத்துட்டுப் போனாரு" என்று எல்லாரிடமும் சொன்னாள். கேட்டவர்களிடம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

பட்டறைக்குக் கடனில் இரும்பு ராடு கொடுத்துவந்த, ராயபுரத்தில் இரும்புக் கடை வைத்திருந்த ஸ்டானிஸ்லாஸ் காலையில் கடை திறக்கப் போகிற வழியில் அவளிடம்தான் இடியாப்பம் வாங்குவான். அவனிடமும் சொன்னாள்.

அன்று ஸ்டானிஸ்லாஸ் கடை திறக்கவில்லை. இடியாப்பப் பொட்டலத்தோடு நேராகப் பட்டறைக்கு வந்தான். லேத் ஓடவில்லை, டில்லிபாபு சும்மா உட்கார்ந்திருந்தான். ஸ்டானிஸ்லாஸ் எப்போதும் மாமு என்று கூப்பிட்டுக்கொண்டுதான் உள்ளே வருவான். அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை.

"நசீர் பொண்டாட்டிக்கு முழுசா குடுத்துட்டியாமே."

டில்லிபாபு எழுந்துவிட்டான். "யாரு சொன்னா?"

"அதுவே சொல்லிச்சு. எவ்ளோ சந்தோசமா சொல்லிச்சு தெரியுமா? நான் கேக்கக்கூட இல்ல." பொட்டலத்தை லேத் மேல் வைத்தான். "ஆர்டர் இல்லன்ன, ராடு குடுத்தேன். பேமெண்ட் வரலன்ன, மறுபடியும் குடுத்தேன். தோஸ்தாச்சேன்னு ஒரு நாள் உன் வாசல்ல நின்னு கேட்டேனா? பாங்குக்காரனுக்கு நீ இன்னா வேணா பண்ணு. எனக்குமா டில்லி? என் வூட்ல இன்னா, கடல்லயா காசு மொதக்குது?"

சாபிராவுக்குக் கொடுத்தபோது ஸ்டானிஸ்லாஸின் நினைவே வரவில்லை என்பது அப்போதுதான் டில்லிபாபுவுக்கு உறைத்தது. ஸ்டானிஸ்லாஸும் கேட்காமல் இருந்தவன்தான். கேட்காமல் இருந்தவர்களிலும் ஒருத்தியைத்தான் டில்லிபாபு தேர்ந்தெடுத்திருக்கிறான்.

"கொஞ்சம் டைம் குடு ஸ்டானி."

"குடுத்துக்கினேதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டானிஸ்லாஸ் போய்விட்டான். இடியாப்பத்தை எடுத்துப் போக மறந்துவிட்டான்.

கடன் வாங்கினவன்தான் திவால் மனு போட முடியும் என்று டில்லிபாபு நினைத்திருந்தான். கடன் கொடுத்தவனும் போடலாம். அதற்கு, ஒருத்தருக்கு மட்டும் சலுகை காட்டினான் என்பதே போதுமான காரணம். ஸ்டானிஸ்லாஸ் பிடித்த வக்கீலுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. மூன்று மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி. அதற்குள் மனுவைப் போட்டுவிட்டான்.

உச்சிமாகாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தம்மாட்ட சொன்னீரா இல்லையா?"

"சொல்லல சார்."

வக்கீல் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை. ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. உம்மையும் கூப்பிடுவாங்க, அந்தம்மாவையும் கூப்பிடுவாங்க. எதுக்குக் கொடுத்தீரு, எப்படிக் கொடுத்தீருன்னு கேப்பாங்க. பொய் சொல்லச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். சட்டம் என்னன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். அந்தம்மாட்ட நான் பேசவும் கூடாது, அவங்க கட்சி வேற. ஒரு வக்கீலை வச்சுக்கிடச் சொல்லும்" என்றார்.

எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் சொன்னார் என்பது டில்லிபாபுவுக்குப் புரிந்தது. அவள் வந்து கத்தினாள், மிரட்டினாள், பயந்துபோய்க் கொடுத்தேன் என்று அவன் சொல்ல வேண்டும். ஆமாம், கத்தினேன் என்று அவளும் சொல்ல வேண்டும். சொன்னால் வீடு மிஞ்சும். சொல்லாவிட்டால், போக்கியத்தை முறித்துக்கொண்டு, குழாயையும் தனி அறையையும் விட்டு, அம்மாவும் பெண்ணும் பழையபடி அடிபம்பு வரிசைக்குப் போக வேண்டியதுதான். இரண்டு லட்சத்தைப் புரட்ட அவளுக்கு வேறு நாதியில்லை.

சம்மன் கிடைத்த அன்று சாபிராவே பட்டறைக்கு வந்தாள். பயந்துபோயிருந்தாள், கோர்ட் காகிதம் என்றாலே பயம்.

"இன்னாண்ணா இது? நான் ஒரு தப்பும் பண்ணலியே."

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. என் கேசு. உன்னை ரெண்டு வார்த்தை கேப்பாங்க, அவ்ளோதான்."

"உங்களைப் பத்தியா?"

"ஆமா."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப சரி. நான் நல்லாவே சொல்றேன்."

இப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நீ என்னைத் திட்டினதாகச் சொல்லப்போகிறேன், நீயும் திட்டினேன் என்று சொல்லிவிடு. அவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் தன்னை ஒரு சொல் கேட்காதவளைப் பார்த்து, உன்னைக் கோர்ட்டில் வாயாடி ஆக்கப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? என் வாக்குமூலமே போதும், அவளை ஒப்புக்குத்தான் கேட்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வக்கீல் வைக்கச் சொல்லவும் வாய் வரவில்லை. ஆட்டோவுக்குக் காசு இருக்கிறதா என்று மட்டும் கேட்டான்.

விசாரணை ஒரு சாதாரண அறையில் நடந்தது. கூண்டு, கறுப்பு அங்கி எதுவும் கிடையாது. நீள மேஜை, அதன் பின்னால் கோர்ட்டின் திவால் கேஸ்களை விசாரிக்கிற, கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் டைப் அடிக்கிறவர். இந்தப் பக்கம் உச்சிமாகாளி, அந்தப் பக்கம் ஸ்டானிஸ்லாஸும் அவன் வக்கீலும். சாபிராவை வெளியே தாழ்வாரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

டில்லிபாபு சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னான். சொல்ல ஆரம்பித்ததும் தானாக வந்தது. சாபிரா பட்டறை வாசலில் வந்து நின்றாள், ஊர் கூடுகிற மாதிரி கத்தினாள், புருஷன் செத்த காசைத் தின்கிறாயே என்று கேட்டாள், போலீசுக்குப் போவேன் என்றாள். புருஷன் பேச்சைத் தவிர மற்றதெல்லாம் வசூல்காரர்கள் அவனைப் பேசியதுதான். ஆளை மட்டும் மாற்றினான். ஸ்டானிஸ்லாஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். டைப் அடிக்கிறவர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டார். பொய் இவ்வளவு சரளமாக வருவதைக் கண்டு டில்லிபாபுவுக்கே தன்மேல் பயம் வந்துவிட்டது.

பிறகு சாபிராவைக் கூப்பிட்டார்கள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டில்லிபாபுவைப் பார்த்து, பயப்படாதீங்க என்பது போல இலேசாகத் தலையசைத்தாள்.

"இவர்கிட்டப் போய் நீங்க பணம் கேட்டீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"நானா? இல்லம்மா. ஒரு நாள் கேட்டதில்ல."

"கேட்காமலேயா ரெண்டு லட்சம் கொடுத்தார்?"

"ஆமாம்மா. அவரே வூடு தேடி வந்து குடுத்தாரு. எங்க வூட்டுக்காரரு மௌத்தானப்ப வந்த காசு அது. வட்டிகூட இல்ல. வேற யாராவது இருந்தா ஏமாத்தியிருப்பாங்க."

உச்சிமாகாளி கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி முந்தின பக்கங்களைப் புரட்டினார்.

"இவர் வேற மாதிரி சொல்லியிருக்காரே. நீங்க பட்டறை வாசல்ல நின்னு கேவலமாப் பேசினதாகவும், போலீசுக்குப் போவேன்னு மிரட்டினதாகவும், அதுக்குப் பயந்துபோய்க் கொடுத்ததாகவும் சொல்றார்."

சாபிரா கோபப்படவில்லை. படிக்கத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல அதிகாரியைப் பார்த்தாள்.

"தப்பா எழுதிக்கினீங்கம்மா. வேற யாரோ சொன்னதா இருக்கும். அவரு பொய் பேச மாட்டாரு. நீங்களே சொல்லுங்கண்ணா."

அறையில் எல்லாரும் டில்லிபாபுவைப் பார்த்தார்கள். ஆமாம், நான் சொன்னதுதான் உண்மை, இவள் இப்போது வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கிறாள் என்று அவன் சொல்லியிருக்கலாம். ஒருவேளை வீடு தப்பியிருக்கும். அவன் வாயைத் திறந்துகூட விட்டான். அந்த முகத்துக்கு நேரே நாக்கு எழவில்லை. இதில் வீரமோ தியாகமோ ஒன்றுமில்லை. இத்தனை நாள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவிடாமல் அடைத்த அதே தொண்டைதான் இன்றைக்கும் அடைத்தது.

"தங்கச்சி சொல்றதுதான் மேடம் நெசம்" என்றான். "நான்தான் மாத்தி சொன்னேன்."

டைப் அடிக்கிறவர் அதையும் அடித்தார். சாபிரா அதிகாரியைப் பார்த்து, பார்த்தீங்களா, நான் சொல்லவில்லையா என்பது போல மெல்லச் சிரித்தாள். கேஸ் ஜெயித்துவிட்டது என்றே அவள் நினைத்துவிட்டாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷி, சட்டத்தின் நம்பரையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தாமல் விளக்கினார். நீங்கள் கேட்காமலே அவர் இஷ்டப்பட்டுக் கொடுத்த பணம் என்பதால் அது செல்லாது. அதைக் கோர்ட்டில் கட்டிவிட வேண்டும். மற்ற கடன்காரர்களோடு சேர்த்து உங்களுக்கும் ஒரு பங்கு வரும். எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. ஸ்டானிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கேட்டது நடந்துவிட்டது. ஆனாலும் அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை.

சாபிராவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. கைகள் மட்டும் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

"அந்தக் காசை வூட்டுக்குப் போக்கியமா குடுத்துட்டேன்ம்மா. கைல இல்ல."

"டைம் கொடுப்பாங்க. ஆனா கட்டித்தான் ஆகணும்."

"ஒண்ணு கேக்கலாமாம்மா? நான் அவரு வாசல்ல போயி நின்னு, அசிங்கமா பேசி, மிரட்டி வாங்கியிருந்தா?"

அதிகாரி டைப் அடிக்கிறவரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அப்படி இருந்திருந்தா அநேகமா உங்களுக்கே இருந்திருக்கும்."

சாபிரா காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். டில்லிபாபு அவளுக்குப் பின்னால் தாழ்வாரத்துக்கு வந்தான். அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். துப்பிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். நடந்தது என்ன என்று அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கோர்த்துப் பார்க்கிறவள் போலிருந்தது.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"காசு குடுத்த மறு வாரத்துலேருந்து."

அவள் அவனையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவன் பார்த்திராத பார்வை அது.

"சொல்லியிருக்கலாமேண்ணா" என்றாள். "நாலு பேரு கேக்கற மாதிரி வந்து கத்திட்டுப் போயிருப்பேனே."